திங்கட்கிழமைக் கூட்டத்தை வியாழக்கிழமையே எழுதினேன்

கூட்டம் நடப்பதற்கு முன்பே அந்தக் கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்று எழுதிவைப்பது என் வேலை. ஜோசியம் இல்லை, பேங்க் வேலை. பம்பாய் ஃபோர்ட்டில் இருந்த எங்கள் தலைமை ஆபீஸில், பெரிய கடன்களை முடிவு செய்யும் கமிட்டிக்குப் பொறுப்பான ஜெனரல் மானேஜரிடம் ஸ்டெனோவாக இருந்தேன். கமிட்டி திங்கட்கிழமை கூடும். ஜி.எம். வியாழக்கிழமை மத்தியானமே என்னைக் கூப்பிட்டு மினிட்ஸைச் சொல்லிவிடுவார். வெள்ளிக்கிழமை அடித்து முடிப்பேன். திங்களன்று உறுப்பினர்கள் டீ குடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டு ஃப்ளைட்டைப் பிடிக்க ஓடுவார்கள்.

இதை யாரும் தப்பாக நினைக்கவில்லை. நானோ, பெருமைப்பட்டேன். என் மினிட்ஸில் அடித்தல் திருத்தல் இருக்காது, மார்ஜின் கோணாது, பக்க எண் விடுபடாது. மற்ற டிபார்ட்மென்ட் பெண்கள் தங்கள் பாஸிடம் திட்டு வாங்கிக்கொண்டு வந்து, “மினிட்ஸ்னா மாட்டுங்கா மாமிதான்பா, நம்மால முடியாது” என்பார்கள். கல்யாணமாகி நான் செம்பூருக்குப் போய் எத்தனையோ வருஷமாகியும் ஆபீஸில் மாட்டுங்கா மாமிதான். அந்தப் பட்டத்துக்கு ஆசைப்பட்டே பாதி ஆயுளை ஓட்டினேன் என்று இப்போது தோன்றுகிறது.

மாட்டுங்காவில் நான் வளர்ந்த பில்டிங்கில் மாடிக்கு ஒரு ஸ்டெனோ இருந்தார். என் அப்பாவும் ஸ்டெனோ. பள்ளிக்கூடம் முடிந்த கையோடு என்னை டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்த்துவிட்டு அவர் சொன்ன சட்டங்கள் மூன்று. ஷார்ட்ஹேண்ட் நோட்டில் ஒவ்வொரு பக்கத்துக்கும் மேலே தேதி போட வேண்டும். எந்தப் பக்கத்தையும் கிழிக்கக் கூடாது. தீர்ந்த நோட்டை ஆபீஸில் விட்டுவிட்டு வரக் கூடாது. நாளைக்கு யாராவது வந்து நான் அப்படிச் சொல்லவே இல்லை என்றால் ஸ்டெனோவுக்கு அதுதான் துணை என்பார். அப்படியே செய்தேன். நாளாக ஆக, செம்பூர் வீட்டு ஹாலில் இருந்த திவான் கட்டிலுக்குள் போர்வை வைக்க இடமில்லாமல் என் நோட்டுகளே நிரம்பிக் கிடந்தன.

கடன் பிரிவில் ஒரு அதிகாரி இருந்தார். தாராவிக்காரர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். அவருடைய அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பட்டறை வேலைக்கு வந்தவர். இவர் தாராவி முனிசிபாலிட்டி தமிழ் ஸ்கூலில் படித்து, பேங்க் பரீட்சை எழுதி, படிப்படியாக மேலே வந்தவர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். சாயங்காலம் ஆபீஸிலிருந்து வி.டி. ஸ்டேஷன் வரைக்கும் சேர்ந்து நடப்போம். அங்கே நான் செம்பூருக்கு ஹார்பர் லைன், அவர் சயனுக்கு மெயின் லைன். வழியெல்லாம் கடன் கேட்டு வந்த ஏதாவது ஒரு கம்பெனியின் கதையைச் சொல்லிக்கொண்டே வருவார். ஃபைலைப் படிப்பது மட்டும் அவருக்குப் போதாது, நேரில் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். “பேப்பர்ல ஃபேக்டரின்னு போட்டிருக்காங்கக்கா, போய்ப் பாத்தா ஆடு கட்டிக் கெடக்கு” என்று சொல்லிச் சிரிப்பார்.

அப்போது ஒரு மலை ஏலத்துக்கு வந்தது. நாட்டுக்கு நடுவில், காட்டுக்குள், வயிறு நிறையத் தாது இருக்கும் மலை. தோண்டி எடுக்கும் உரிமையை அரசாங்கம் ஏலம் விட்டது. மூன்று கம்பெனிகள் கேட்டிருந்தன. எங்களுக்குக் கிடைத்தால் கடன் கொடுப்பீர்களா என்று மூன்றுமே எங்கள் பேங்குக்கு மனு போட்டிருந்தன. அவர் மூன்றையும் அலசிவிட்டு, மூன்றாவது கம்பெனிக்கு மட்டும் பத்துப் பைசாகூடக் கொடுக்கக் கூடாது என்று ஜி.எம்.முக்கு எழுத்தில் கொடுத்துவிட்டார். அது புதன்கிழமை. ஏலத்தின் சீல் வைத்த கவர்களை டெல்லியில் வெள்ளிக்கிழமை பிரிப்பதாக இருந்தது. அந்த லெட்டரை ஃபைலில் போட்டவள் நான்தான், அதனால் எனக்குத் தெரியும்.

நடுவில் இருந்த வியாழக்கிழமை இரண்டு பேர் ஜி.எம்.மைப் பார்க்க வந்தார்கள். ஒருவர் அந்த மூன்றாவது கம்பெனி ஆள், முன்பே இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். இன்னொருவரை எனக்குத் தெரியாது, டெல்லியிலிருந்து வந்திருக்கிறார், கவர்ன்மென்ட் ஆள் என்று ப்யூன் சொன்னான். விசிட்டர் ரிஜிஸ்டரில் எழுத வேண்டாம் என்று ஜி.எம். போனில் சொன்னார். எழுதவில்லை. டீ அனுப்பினேன், பிஸ்கட் அனுப்பினேன். முக்கால் மணி நேரம் கதவு சாத்தியிருந்தது. உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லிக்கொள்ள முடிவது எவ்வளவு சௌகரியம் பாருங்கள்.

அவர்கள் போனதும் ஜி.எம். என்னைக் கூப்பிட்டுத் திங்கட்கிழமை மினிட்ஸைச் சொல்ல ஆரம்பித்தார். “மலையை ஏலத்தில் பெற்றுள்ள” என்று சொல்லி அந்த மூன்றாவது கம்பெனியின் பெயரைச் சொன்னார். என் பென்சில் ஒரு நொடி நின்றது. கவரே இன்னும் பிரிக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். “கியா ஹுவா?” என்றார், தன்மையாகத்தான். ஒன்றுமில்லை சார் என்று குனிந்துகொண்டேன். கடன் வழங்கலாம் என்று கமிட்டி ஏகமனதாக முடிவு செய்தது என்றார். கடன் பிரிவு அதிகாரி தம் ஆட்சேபணையை விளக்கிவிட்டுத் திரும்பப் பெற்றுக்கொண்டார் என்றார். அதையும் எழுதினேன். பக்கத்தின் மேலே, அப்பா சொன்னபடி, அன்றைய தேதியையும் போட்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏலச் செய்தி வந்தது. அதே கம்பெனிதான். மினிட்ஸில் ஓர் எழுத்துகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. வெட்கக்கேடு, அன்றைக்கு எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். திரும்ப அடிக்க வேண்டாமே என்று.

திங்கட்கிழமை கடன் பிரிவு அதிகாரி கமிட்டிக்கு வந்தார். வாசலில் வைத்திருந்த வருகைத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். அந்தத் தாளை மினிட்ஸுக்குப் பின்னால் சேர்த்துத் தைத்துவிடுவோம். முறை வந்ததும் எழுந்து நின்று பேசினார், பத்து நிமிஷம். காட்டு அனுமதி இன்னும் வரவில்லை என்றார். அந்தக் கம்பெனி இதுவரை ஒரு குழிகூடத் தோண்டியதில்லை என்றார். கடன் வாங்குகிற கம்பெனிக்கும் அதற்கு ஜாமீன் நிற்கிற கம்பெனிக்கும் ஒரே விலாசம், ஒரே கதவு, சனிக்கிழமை நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன் என்றார். ஆட்சேபணையைத் திரும்பப் பெற மாட்டேன், பதிவு செய்துகொள்ளுங்கள் என்று முடித்தார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே உறுப்பினர்கள் அடித்து வைத்திருந்த மினிட்ஸில் கையெழுத்துப் போட்டுப் பக்கத்தில் இருந்தவருக்கு நகர்த்திக்கொண்டிருந்தார்கள். ஜி.எம். அவருக்கு நன்றி சொன்னார்.

சுவர் ஓரமாக நோட்டோடு நான் உட்கார்ந்திருந்தேன். எழுத வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் கை சும்மா இருக்குமா? யாராவது பேசினால் என் கை எழுதும், அவ்வளவுதான். அவர் பேசியது முழுவதையும், ஒரு சொல் விடாமல், நாலு பக்கத்துக்கு எழுதியிருந்தது. கை அப்படி எழுதிக்கொண்டிருக்க, மனசு என்ன நினைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தாராவியிலிருந்து இவ்வளவு தூரம் வந்தாயிற்றே, இந்த வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா, எங்கே எப்படி நடந்துகொள்வது என்று இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை என்று நினைத்தது. இதை என் வீட்டுக்காரரிடம்கூட நான் சொன்னதில்லை.

அன்று சாயங்காலம் வி.டி.க்கு நடக்கும்போது அவர் ரொம்ப லேசாக இருந்தார். “அக்கா, நான் சொன்னதை எழுதிட்டீங்கள்லா?” என்றார்.

“எழுதினேன்” என்றேன். பொய் இல்லை.

“அது போதும்க்கா. கொடுக்கட்டும், கொடுக்காமப் போகட்டும். ரெக்கார்டுல இருந்தாப் போதும்.”

அவருடைய ட்ரெயின் முதலில் வந்தது. வாரேன்க்கா என்று ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.

ரெண்டு வருஷத்தில் எல்லாம் வெளியே வந்தது. மலையின் ஒரு பக்கத்தைக் குடைந்துபோட்டுவிட்டு கம்பெனி கையை விரித்தது, முதலாளிகள் வெளிநாட்டில். பேங்குகளும் கவர்ன்மென்ட்டும் கம்பெனியும் சேர்ந்துகொண்டு மலையை விழுங்கிவிட்டார்கள் என்று டிவியில் ஒரு வாரம் கத்தினார்கள். எங்கள் ஜி.எம். அதற்குள் ரிடையராகி வேறொரு கம்பெனியில் டைரக்டராகியிருந்தார். கத்துகிறவர்களுக்கு யாரையாவது காட்ட வேண்டுமே. மினிட்ஸை எடுத்துப் பார்த்தார்கள். புதன்கிழமை எழுத்தில் ஆட்சேபித்தவர் திங்கட்கிழமை ஏன் திரும்பப் பெற்றார், நடுவில் எவ்வளவு வாங்கினார் என்று கேட்டார்கள். மினிட்ஸுக்குப் பின்னால் அவர் கையெழுத்து இருந்தது, வருகைத் தாளில் போட்டது. சஸ்பெண்ட் செய்தார்கள். பேப்பரில் அவர் பெயர் மட்டும் முழுதாக வந்தது, மற்றவர்கள் எல்லாம் வெறும் ‘உயர் அதிகாரிகள்’.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செம்பூர் வீட்டுக்கு வந்தார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, உட்காருங்கோ உட்காருங்கோ என்று நான் இரண்டு தடவை சொன்ன பிறகு திவானின் ஓரத்தில் உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் பேப்பரை மடிக்காமலே பக்கத்தில் இருந்தார். காப்பி கொடுத்தேன். வந்தவர் டம்ளரை அப்படியே வைத்துவிட்டார்.

“அக்கா, ஒங்களுக்குத் தெரியாதது இல்ல. மினிட்ஸ மீட்டிங்குக்கு முன்னாலயே அடிச்சிருவீங்கன்னு இப்பத்தான் கேள்விப்பட்டேன். விசாரணையில அத மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் கேக்கலை.”

“எந்த மீட்டிங்னே எனக்கு ஞாபகம் இல்லையே” என்றேன்.

“அந்த மலை மீட்டிங்குக்கா. நான் பேசுனேன்லா, நீங்க எழுதுனீங்கள்லா. நடந்து போகையில கேட்டேன்லா.”

“எவ்வளவோ மீட்டிங், எவ்வளவோ பேர். எல்லாம் எங்கே ஞாபகம் இருக்கு. வயசாச்சோல்லியோ.”

அவர் டம்ளரைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “வீட்டுல பெரியவ கேக்காக்கா, பேப்பர்ல போட்டிருக்கது ஒங்க பேருதானப்பான்னு. காலேஜ்ல பிள்ளைங்க கேக்குதாம். நான் வாங்கலன்னு சொன்னேன். அப்புறம் எதுக்கு ஒத்துக்கிட்டீங்கன்னு கேக்கா. அதுக்கு என்ன சொல்லன்னு தெரியலை” என்றார்.

அந்த நோட்டு அவர் உட்கார்ந்திருந்த திவானுக்குள்தான் இருந்தது. அவரை எழுந்திருக்கச் சொல்லிப் பலகையைத் தூக்கினால் போதும், அரை நிமிஷ வேலை. நான் காப்பி ஆறிப்போகிறது என்றேன்.

அவர் போன பிறகு என் வீட்டுக்காரர், “பாவம்தான். ஆனா இந்த லஃப்டா வம்புல நீ தலையை நுழைக்காதே. ரிடையர்மென்ட்டுக்கு எட்டு மாசம்தான் இருக்கு, பென்ஷன்ல கையை வச்சுட்டான்னா?” என்றார். வீட்டுக்காரர் மேல் பழியைப் போட எனக்கு ஆசைதான். ஆனால் அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே நான் முடிவு செய்துவிட்டேன். பென்ஷன் ஒரு காரணம். இன்னொரு காரணம், மினிட்ஸ் பொய் என்று சொன்னால் நான் பொய் என்று ஆகிவிடும். இத்தனை வருஷம் மார்ஜின் கோணாமல் அடித்ததெல்லாம் என்ன என்று யாராவது கேட்டால் நான் எங்கே போவேன்?

விசாரணைக்கு என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். அதே மாடியில் ஒரு சின்ன ரூம். மேஜைக்கு அந்தப் பக்கம் விசாரணை அதிகாரி, ஓரத்தில் கம்ப்யூட்டரோடு சின்ன வயசுப் பெண் ஒருத்தி, எனக்கு எதிரே அவர். நான் உட்கார்ந்ததும் அதிகாரி சிரித்த முகமாக ஒரு தாளை என் பக்கம் தள்ளி, “மேடம், ஆப் கா ஸ்டேட்மென்ட். படிச்சுப் பாத்து சைன் பண்ணிடுங்க” என்றார்.

நான் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. என் வாக்குமூலம் தயாராக இருந்தது. கூட்டம் முடிந்த அன்று சாயங்காலம்தான் மினிட்ஸ் அடித்தேன், அதில் உள்ளது உள்ளபடி சரியே, வேறெதுவும் எனக்கு ஞாபகம் இல்லை என்று நான் சொன்னதாக இரண்டு பக்கம்.

படித்தேன். அவர் எதிரே இருக்கிறார் என்று தெரிந்தே முழுக்கப் படித்தேன். படித்து முடித்துவிட்டு, கடவுளே, நான் என்ன சொன்னேன் தெரியுமா? “இதுல பக்க எண் போடலையே” என்றேன். அந்தப் பெண் பதறிப்போய் ஸாரி மேடம் என்று வாங்கிக்கொண்டு, எண் போட்டு மறுபடி பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். சரி பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். நிமிரும்போது அவரைப் பார்த்தேன். கோபமாக இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் லேசாகச் சிரித்தார், வி.டி.க்கு நடக்கும்போது ஆடு கட்டிய ஃபேக்டரிக் கதைக்குச் சிரித்த மாதிரி.

அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள், பென்ஷன் கிடையாது என்றார்கள். எனக்கு அந்த எட்டு மாதம் முடிந்ததும் சால்வை போர்த்தி, வெள்ளிக் குத்துவிளக்கு கொடுத்து, பிசிறில்லாத வேலை என்று புகழ்ந்து அனுப்பினார்கள். குத்துவிளக்கை நான் ஏற்றியதே இல்லை. ஏற்றாமல் இருந்தால் என்ன, யாருக்கு என்ன லாபம்.

போன மாதம் எங்கள் பில்டிங்கை இடித்துக் கட்டப்போகிறார்கள் என்று எல்லோரையும் காலி செய்யச் சொன்னார்கள். வீட்டுக்காரர் திவானைத் திறந்து, “இந்த நோட்டெல்லாம் ரத்திக்காரனுக்குப் போட்டுடட்டுமா?” என்று பழைய பேப்பர்காரனையும் கூப்பிட்டுவிட்டார். தராசில் கட்டு கட்டாக ஏறிக்கொண்டிருந்தபோது அந்த நோட்டை மட்டும் உருவி எடுத்துக்கொண்டேன். எந்தக் கட்டில் இருந்தது என்று எனக்குத் தேடவே வேண்டியிருக்கவில்லை. ஞாபகம் இல்லை என்று கையெழுத்துப் போட்டவள் நான்.

சனிக்கிழமை தாராவிக்குப் போனேன். நைன்ட்டி ஃபீட் ரோட்டில் ஒரு கடைக்கு மேலே ஒற்றை அறையில் உட்கார்ந்து, தோல் பட்டறைக்காரர்களுக்கு ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்துகொடுக்கிறார். தலை முழுக்க நரைத்துவிட்டது. “வாங்கக்கா, வாங்க” என்று எழுந்து ஃபேனை என் பக்கம் திருப்பிவைத்தார். உள்ளே தட்டியைத் தாண்டி மூத்த மகள் இருந்தாள், குர்லாவில் ஏதோ இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலையாம், அன்று லீவு. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அப்பாவைப் பார்க்காமல் சுவரோரம் நின்றாள்.

நோட்டை மேஜைமேல் வைத்தேன். அவர் புரட்டிப் பார்த்தார். ஷார்ட்ஹேண்ட் தெரியாதவர்களுக்கு அது வெறும் கொடியும் புள்ளியும்தான். “எனக்கு ஒண்ணும் வெளங்கலக்கா. நீங்களே வாசிங்க” என்றார்.

முதலில் வியாழக்கிழமைப் பக்கத்தைப் படித்தேன். மலையை ஏலத்தில் பெற்றுள்ள என்ற இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“தேதி என்ன போட்டிருக்கு?”

“வியாழக்கிழமை.”

“கவரு பிரிச்சது வெள்ளிக்கிழமைலா?”

“ஆமா.”

“அன்னைக்கே ஒங்களுக்குத் தெரியுமாக்கா?”

“தெரியும்” என்றேன்.

அவர் நோட்டை என் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். “அப்பீலும் தள்ளுபடி ஆயிட்டு, போன மழையில. இருக்கட்டும், வக்கீலுட்ட கேட்டுப் பாக்கேன். மிச்சத்தை வாசிங்க” என்றார்.

திங்கட்கிழமையின் நாலு பக்கத்தையும் படித்தேன். அவர் அன்று இங்கிலீஷில் பேசியது, அப்படியே, அவர் வார்த்தையிலேயே. காட்டு அனுமதி, தோண்டாத குழி, ஒரே கதவு. திரும்பப் பெற மாட்டேன், பதிவு செய்துகொள்ளுங்கள் என்று படித்து முடித்தபோது மகள் சுவரைவிட்டு வந்து மேஜைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

“அப்பா, நீங்க நிஜமாவே இதெல்லாம் சொன்னீங்களா?”

“சொன்னேம்மா.”

“அவ்ளோ பேர் முன்னாடி?”

அவர் தலையாட்டினார். அவள் என் பக்கம் திரும்பினாள். “ஆன்ட்டி, இது உங்ககிட்ட எப்போலேர்ந்து இருக்கு?”

“அன்னிலேர்ந்து” என்றேன். “எங்காத்துலதான் இருந்தது.”

“விடும்மா, ஆன்ட்டிக்கு டீ போடு” என்றார் அவர். அவள் நகரவில்லை.

“அஞ்சு வருஷமா நான் அப்பாகிட்ட சரியா பேசல, ஆன்ட்டி” என்றாள். கத்தவில்லை. வயதில் பெரியவளிடம் சொல்கிற மரியாதையோடுதான் சொன்னாள். எனக்கு ரிடையராக எட்டு மாதம்தான் பாக்கி இருந்தது என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்?

அவள் தன் மொபைலை எடுத்து ரெக்கார்டிங்கைப் போட்டு நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அப்பாவின் நாற்காலிக் கையில் உட்கார்ந்துகொண்டு, “இன்னொரு தடவை படிங்க. மெதுவா” என்றாள்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மேலே இருந்த தேதியிலிருந்து ஆரம்பித்தேன்.